எஸ்பெராண்டோ வணக்கங்களைத் தமிழ் எழுத்தில் அச்சடித்த அனுபவம்

எஸ்பெராண்டோ என்ற செயற்கை மொழியில் விருந்தினருக்கு ஒரு சொல் இருக்கிறது, சாதிக்கு ஒரு சொல் இருக்கிறது. நாளிதழ் எழுதும் முறையில் தமிழில் எழுதினால் இரண்டும் ‘காஸ்தோ’ என்று ஒன்றாகிவிடும். விருந்தினருக்குக் கங்கையின் ‘க’. சாதிக்குக் கம்பியின் ‘க’. வேறுபாடு அவ்வளவுதான். ஆனால் ‘நான் உங்கள் விருந்தினர்’ என்று சொல்ல வாயெடுத்தவர் ‘நான் உங்கள் சாதி’ என்று சொல்லி முடிப்பார். குளியல், ரொட்டி என்ற இரண்டும் இப்படித்தான் ‘பானோ’வில் மோதிக்கொள்கின்றன. பாட்டும் கையுறையும் ‘கான்தோ’வில்.

எனக்கு அச்சகத்தில் பக்க வடிவமைப்பு வேலை. எங்கள் தெரு வாசகசாலையில் விடுமுறை நாட்களில் கூடும் பிள்ளைகளுக்காக எஸ்பெராண்டோ வணக்கங்களும் அன்றாட உரையாடல் வரிகளும் அடங்கிய சட்டைப்பை அளவுச் சீட்டுக் கட்டு ஒன்றைச் செய்யத் தொடங்கியபோது, தாள் வாங்குவதும் வெட்டுவதும்தான் பெரிய வேலையாக இருக்கும் என்று நினைத்திருந்தவர்கள் பலர். உண்மையில் முக்கால்வாசி நேரம் எழுத்துப்பெயர்ப்பில்தான் போனது. அதனால் இந்தப் பதிவிலும் முக்கால்வாசி அதைப் பற்றியதே.

முதலில் மொழியைப் பற்றிச் சுருக்கமாக. அன்றைய ரஷ்யப் பேரரசுக்குள் இருந்த பியாலிஸ்டாக் நகரில் 1859-இல் பிறந்த கண் மருத்துவர் சாமென்ஹாஃப், தான் உருவாக்கிய இந்த மொழியின் முதல் பாடநூலை 1887-இல் வார்சாவில் வெளியிட்டார். புத்தகத்தில் தன் பெயரை ‘டாக்டர் எஸ்பெராண்டோ’ என்று போட்டுக்கொண்டார். நம்பிக்கையோடு இருப்பவர் என்று பொருள். புனைபெயர் மொழிக்கே ஒட்டிக்கொண்டது. இலக்கணம் 16 விதிகள். அவற்றுள் இந்த வேலைக்கு வேண்டியவை இரண்டு: எழுதியபடியே படிக்க வேண்டும், கடைசிக்கு முந்தைய அசையில் எப்போதும் அழுத்தம் விழும். ஒலிக்கு ஓர் எழுத்து, எழுத்துக்கு ஓர் ஒலி என்ற இந்த ஒழுங்கைப் பார்த்தால் தமிழ் எழுத்தில் எழுதுவது வெகு சுலபம் என்று தோன்றும். அங்கேதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. தமிழில் ஓர் எழுத்தின் ஒலியை அது நிற்கும் இடம் தீர்மானிக்கிறது. பல், பம்பரம், தபால் மூன்றையும் வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். பகரம் எங்கே கடினமாகிறது, எங்கே குழைகிறது என்பதை யாரும் சொல்லித்தராமலே நம் நாக்கு செய்துவிடும். அந்தப் பழக்கம் வேற்றுமொழிச் சொல்லிலும் தானாகவே வேலை செய்யும்.

முப்பது நாளில் மொழி கற்பிக்கும் வகைப் புத்தகங்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. கண்ணுக்குத் தமிழாக இருந்தால் போதும் என்று அச்சடித்துவிடுகிறார்கள். அந்த வரிகளை நம்பிப் பேசப் போனவர், எதிராளி விழிப்பதைப் பார்த்துத் தனக்கு மொழிகளே வராது என்று முடிவு கட்டிவிடுகிறார். இதில் எனக்கு நெடுநாள் எரிச்சல் உண்டு.

கையில் ஏற்கெனவே ஒரு தீர்வு இருந்தது. சுலோகப் புத்தகங்களை அச்சுக்கோத்தவர்களுக்குத் தெரியும்: க, க², க³, க⁴ என்று எண் போட்டு வடமொழியின் நான்கு ககரங்களையும் பிரிப்பார்கள். மூன்றாம் எண்தான் கங்கையின் ‘க’. எஸ்பெராண்டோவில் மூச்சொலி சேர்ந்த மெய்கள் கிடையாது. எனவே இரண்டும் நான்கும் வேண்டாம், மூன்று மட்டும் போதும். விருந்தினர் ‘கா³ஸ்தொ’, சாதி ‘காஸ்தொ’. முடிந்தது வழக்கு.

இந்த எண்ணைத் தட்டச்சு செய்யும்போது ஒன்றைக் கவனிக்க வேண்டும். யூனிகோடில் பகரத்தை அடித்து, எண்ணை அடித்து, பிறகு ஓகாரக் குறியை அடித்தால் குறி ஒட்ட இடமில்லாமல் ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு தனியே நிற்கும். உயிர்மெய்யை முழுதாக முடித்துவிட்டுத்தான் எண் வர வேண்டும்: ‘போ³’. வரி முழுவதையும் சாதாரண 3 போட்டு அடித்து, கடைசியில் ஒரே மூச்சில் மேல்நிலை எண்ணாக மாற்றிக்கொள்வது விரலுக்கு எளிது. ஆனால் அந்தக் கோப்பில் வேறு எங்கும் மூன்று இருக்கக் கூடாது. சீட்டு எண்களைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எல்லா இடத்திலும் எண் போட்டு ஒரு மாதிரித் தாள் அடித்து, படிக்கக் கொடுத்தேன். எதிர் வீட்டு அத்தை தினமும் சுலோகம் சொல்பவர். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தடையில்லாமல் படித்தார். பிள்ளைகளோ ‘போ மூன்று னான்’ என்றார்கள். எண்கள் மண்டிக்கிடந்தால் வரி வாய்ப்பாடு போலத்தான் தெரியும். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எனவே எண்களைக் குறைக்க வேண்டும். எதையெல்லாம் தமிழ் நாக்கு தானாகவே சரியாகச் சொல்லிவிடுமோ அங்கே எண் வேண்டாம். எங்கே பழக்கம் ஏமாற்றுமோ அங்கே மட்டும் குறி. இந்த ஒரு முடிவுக்குப் பிறகு வேலை சீராகிவிட்டது.

‘நல்ல பகல்’ என்ற வணக்கத்தைப் பாருங்கள்: போ³னன் தாகொன். ‘தாகொன்’ நடுவில் வரும் ககரம் கங்கையின் ‘க’ போன்ற மெல்லொலிதான், ஆனால் எண் இல்லை. தாகம் என்று சொல்பவர் அதையும் சரியாகத்தான் சொல்வார். சொல்லின் முதலில் மெல்லொலி வந்தால் மட்டும் எண் கட்டாயம், ஏனென்றால் தமிழ்க் கண் அங்கே வல்லொலியைத்தான் எதிர்பார்க்கும். இடையில் வல்லொலி வந்தால் இரட்டிக்க வேண்டும். நண்பர் என்பதற்கான சொல்லை ‘அமிகொ’ என்று எழுதினால் பிள்ளைகள் ஸ்பானியச் சொல்லைச் சொல்லிவிடுகிறார்கள். ‘அமீக்கொ’ என்றால் ககரம் கெட்டியாகிறது. கொஞ்சம் நீளவும் செய்கிறது. மூல ஒலியில் அந்த நீளம் இல்லை என்பது உண்மைதான். இருந்தாலும் நீண்ட ககரத்தால் யாரும் வேறு பொருள் கொள்ளப்போவதில்லை. குழைந்த ககரம்தான் கேட்பவரைத் திணறடிக்கும். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டுமென்றால் நான் இரட்டிப்பின் பக்கம். ரகர ஒற்றுக்குப் பின்னும் இதே வழி: ‘ஃபார்த்தஸ்’ என்று எழுதிவிட்டு, வார்த்தை என்ற சொல்லை நினைத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

பெரிய தலைவலி மெல்லினத்துக்குப் பின் வரும் வல்லொலி. நன்றி சொல்லும் சொல்லை வழக்கம்போல ‘டாங்கோன்’ என்று எழுதினால், சங்கு, பங்கு என்று பழகிய நாக்கு ககரத்தைக் குழைத்தே தீரும். மொழியின் பெயரே இதில் மாட்டியிருக்கிறது: ‘ண்டோ’ என்று நாம் எழுதுகிறோம், அங்கே இருப்பதோ வல்லொலித் தகரம். தமிழ் எழுத்திலக்கணம் ங்க, ந்த, ம்ப என்று இனவெழுத்துகளைச் சேர்த்தே வைக்கிறது. அந்த இணையை உடைத்தால்தான் நாக்கு தயங்கி நிற்கும். ஆகவே ‘ங்’குக்குப் பதிலாக ‘ன்’, நடுவில் ஒரு சிறுகோடு, பிறகு இரட்டித்த வல்லினம்: தா³ன்-க்கொன். பார்க்க அழகாக இல்லை. ஆனால் வாசகசாலைப் பிள்ளைகள் படித்தபோது ககரம் கணீரென்று விழுந்தது. ‘பரவாயில்லை, நன்றி எதற்கு’ என்று பதில் சொல்லும் வரி இன்னும் சுவையானது: நெ த³ன்-க்கீந்தெ. ஒரே சொல்லில் ன்-க்க வல்லொலியாகவும் ந்த மெல்லொலியாகவும் வருகிறது. பின்னதற்கு எந்தக் குறியும் வேண்டாம். சந்தையும் பந்தும் சொல்பவர்கள் தாமே சொல்லிவிடுவார்கள்.

தகரமா டகரமா என்று கேட்கலாம். ஆங்கிலச் சொற்களுக்கு டகரம் போட்டுப் பழகிவிட்டோம், டிக்கெட், டாக்டர் என்று. ஐரோப்பியர் பலருடைய எஸ்பெராண்டோ உச்சரிப்பைக் கேட்டால் நாக்கு பல்லைத் தொடுவது தெரியும். நாக்கை மடித்துச் சொல்லும் டகரம் அதற்குப் பொருந்தாது. கட்டு முழுவதும் தகரம்தான்.

அடுத்தது அழுத்தம். முதலில் தடித்த எழுத்தைப் போடலாம் என்று இருந்தேன். அச்சில் சரி, கையால் எழுதிக்கொள்ளும் பிள்ளைக்குத் தடித்த எழுத்து ஏது? அப்போதுதான் குறிலும் நெடிலும் சும்மா கிடப்பது கண்ணில் பட்டது. எஸ்பெராண்டோவின் ஐந்து உயிர்களுக்குக் குறில் நெடில் வேறுபாடு கிடையாது. அழுத்தம் விழும் அசை சற்று நீள்வது மட்டும் உண்டு. அப்படியானால் அழுத்தம் விழும் அசைக்கு நெடில், மற்ற எல்லாவற்றுக்கும் குறில். ‘வணக்கம்’ என்பதற்கான பொதுச் சொல் ஸலூத்தொன்: லகரத்தில் அழுத்தம். காலை வணக்கம் போ³னன் மத்தேனொன்: ‘தே’யில் அழுத்தம். மாலைக்கு போ³னன் வெஸ்பேரொன், இரவு விடைபெறும்போது போ³னன் நோக்தொன். புதிதாக ஒரு குறியும் சேர்க்காமல், நம் எழுத்திலேயே உள்ள வசதியை வைத்து மொழியின் சந்தத்தைப் பிடித்துவிடலாம். இந்தக் கட்டில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான் என்று வெட்கமில்லாமல் சொல்லிக்கொள்கிறேன்.

ஆனால் இதற்கு எதிர்ப்பு எங்கள் அச்சகத்துக்குள்ளிருந்தே வந்தது. தமிழில் சொல்லின் கடைசியில் குறில் எகரமும் ஒகரமும் வருவது அநேகமாக இல்லை. எஸ்பெராண்டோவிலோ பெயர்ச்சொல் எல்லாம் ஒகரத்தில் முடிகிறது, வினையடை எகரத்தில் முடிகிறது. மெய்ப்பு பார்க்கும் பெரியவர் கடைசி எழுத்துகளையெல்லாம் நெடிலாகத் திருத்திச் சிவப்பு மையில் தாளைத் திருப்பிக் கொடுத்தார்.

“தம்பி, ‘போனெ’ என்று எங்கேயாவது சொல் உண்டா? ‘போனே’ என்று போடுங்கள்.”

“ஐயா, இது தமிழ்ச் சொல் இல்லை. கடைசியில் நீட்டினால் அழுத்தம் அங்கே போய்விடும்.”

“எழுதுவது தமிழ் எழுத்துதானே? படிக்கிறவன் தமிழன்தானே?”

அவர் கேள்வியில் நியாயம் இருந்தது. படிப்பவர் கண்ணுக்கு ஒவ்வாத வடிவம் அச்சில் நிற்காது. கைமாறும் இடத்திலெல்லாம் யாரோ ஒருவர் அதைத் ‘திருத்தி’விடுவார். கட்டின் முதல் சீட்டில் படிக்கும் முறையை நான்கு வரியில் போட்டதற்கு அவரே காரணம். நெடில் கண்ட இடத்தில் அழுத்துக; குறிலை நீட்டாதே; எண் மூன்று கண்டால் கங்கை, பந்து, தந்தம் ஆகிய சொற்களின் குழைந்த ஒலி; சிறுகோட்டில் ஒரு கணம் நில். அவ்வளவே. கங்கைக்கு முதல் எழுத்து, மற்ற இரண்டுக்கும் இடையெழுத்து என்பதைப் பிள்ளைகளிடம் வாயால்தான் சொல்ல வேண்டியிருந்தது. பந்தில் குழைவது தகரம், பகரம் அல்ல. பகரத்துக்குப் பம்பரத்தின் நடுவெழுத்தைக் காட்டினேன்.

எழுத்தால் தீராதவையும் உண்டு. கேள்வி கேட்கும் வரிகளின் தலையில் நிற்கும் சிறு சொல்லைச் ‘சு’ என்று எழுதினால் சுண்ணாம்பின் சகரம் வந்துவிடும். ‘ச்சு’ என்றாலோ கடைசி உகரம் உதட்டைக் குவிக்காமல் குறுகி, இருக்கிறதா இல்லையா என்று ஆகிவிடும். ஓரசைச் சொல் என்பதால் நெடிலாக்கினேன்: ச்சூ வி பரோலஸ் எஸ்பெரான்-த்தொன்? ‘நீங்கள் எஸ்பெராண்டோ பேசுவீர்களா?’ என்பது பொருள். இதற்குப் பதில் யெஸ், இஒமேத்தெ, ‘ஆமாம், கொஞ்சம்’. ஆனால் பொ³ன்வோலு, பர்தோனு என்று உகரத்தில் முடியும் மரியாதைச் சொற்களை நெடிலாக்க முடியாது, அழுத்தம் இடம் மாறிவிடும். ‘தயவுசெய்து’, ‘மன்னியுங்கள்’ என்ற இரண்டையும் உதட்டைக் குவித்துச் சொல்லிக்காட்டித்தான் பழக்க வேண்டியிருக்கிறது. எதிர்த்திசையில் இன்னொரு தொல்லை: பஸ் என்பதை ‘பஸ்ஸு’ ஆக்கும் நம் வழக்கம். நிகழ்கால வினைகள் எல்லாம் ஸகர ஒற்றில் முடியும் மொழி இது. கட்டளைக்கும் வேண்டுகோளுக்கும் உரிய விகுதியோ உகரம்தான். அதனால் ‘ஃபார்த்தஸு’ என்று வாலை ஒட்டவிட்டால் கேட்பவருக்குக் குழப்பம். இதையும் காதுதான் திருத்த வேண்டும்.

‘மொழி புரியவில்லை’, ‘மெதுவாகப் பேசுங்கள்’ ஆகிய வரிகள் முதல் நாளே வேண்டும் என்பது என் கருத்து. பெரும்பாலான பாடங்கள் இவற்றைக் கடைசிக்குத் தள்ளுகின்றன. என் கட்டில் வணக்கத்துக்கு அடுத்த சீட்டுகளே இவைதான்: மி நெ கொம்-ப்ரேனஸ், பொ³ன்வோலு பரோலி ப்லி மல்ரப்பீதெ. ‘நான் இப்போதுதான் கற்கத் தொடங்கியிருக்கிறேன்’ என்ற வரிதான் எழுதுவதற்கு எல்லாவற்றிலும் கடினமாக இருந்தது: மி ஏஸ்தஸ் கொமென்-த்ஸான்-த்தொ. புதியவர் தன்னைப் புதியவர் என்று சொல்லிக்கொள்ள இத்தனை சிறுகோடுகளைத் தாண்ட வேண்டியிருக்கிறது.

நலம் விசாரிப்பு ஒரு சிறு உரையாடலாகவே போகும்:

— ஸலூத்தொன்! கீஎல் வி ஃபார்த்தஸ்?
— மி ஃபார்த்தஸ் போ³னெ, தா³ன்-க்கொன். கய் வி?

‘வணக்கம், எப்படி இருக்கிறீர்கள்?’ ‘நலமாக இருக்கிறேன், நன்றி. நீங்கள்?’ ‘கீஎல்’ என்பதைப் பிள்ளைகள் ‘கீயெல்’ என்றார்கள். தமிழில் இரண்டு உயிர்கள் அடுத்தடுத்து வந்தால் உடம்படுமெய் தானே நுழையும். கேட்பவருக்குப் புரிந்துவிடுகிறது என்பதால் நான் அதோடு மல்லுக்கட்டவில்லை. ‘வி’ என்பது ஒருமைக்கும் பன்மைக்கும் பொது, சிறியவருக்கும் பெரியவருக்கும் பொது. சீட்டின் பின்பக்கம் எங்கும் ‘நீங்கள்’ என்றே போட்டுவிட்டேன்.

பெயர் கேட்பது: கீஎல் வி நொமீஜஸ்? பதிலுக்கு, மி நொமீஜஸ் என்று சொல்லித் தன் பெயரைச் சேர்க்கலாம். ஊர் கேட்பது: எல் கீஉ லாந்தொ வி வேனஸ்? ‘எந்த நாட்டிலிருந்து வருகிறீர்கள்?’ மி வேனஸ் எல் ப³ராத்தொ என்றால் இந்தியாவிலிருந்து. நாட்டின் பெயருக்கு ‘ஹிந்தூயொ’ என்ற வடிவமும் புழக்கத்தில் இருக்கிறது. யாராவது தும்மினால் ஸானொன்! ‘உடல்நலம்’ என்று வாழ்த்துவது. விடைபெற ஜிஸ் ல ரெவீதொ. சுருக்கமாக ஜிஸ் என்றாலும் போதும். பின்பக்கத்தில் ‘போய் வருகிறேன் / போய் வாருங்கள்’ என்று இரண்டையும் போட்டேன், கிளம்புபவரும் இருப்பவரும் இதையே சொல்வதால்.

பிள்ளைகள் முதலில் மனப்பாடம் செய்தது நான் நினைத்த எதையும் அல்ல. எஸ்பெராண்டோ பேசுவோர் கூடிய இடத்தில் தாய்மொழிக்குத் தாவிவிடுபவரை அதட்டும் வேடிக்கை வரி ஒன்று உண்டு: நெ க்ரொக்கொதீலு! சொல்லுக்குச் சொல் எடுத்தால் ‘முதலைத்தனம் செய்யாதே’. வாசகசாலையில் தமிழில் ஒரு வார்த்தை வந்தால் போதும், நான்கு மூலையிலிருந்தும் முதலை பாய்ந்தது.

வணக்கங்களின் கடைசியில் ஏன் எங்கும் னகர ஒற்று என்று ஒரு பெண் கேட்டாள். நல்ல கேள்வி. ‘உங்களுக்கு வாழ்த்துகிறேன்’ என்ற பகுதி வெளியே சொல்லப்படாமல் உள்ளே நிற்கிறது. அந்த வினைக்குச் செயப்படுபொருளாகத்தான் ‘நல்ல காலை’ வருகிறது. நம் ஐ உருபின் வேலையை அங்கே ‘ன்’ செய்கிறது. நாம் ‘நல்ல காலையை’ என்று பெயருக்கு மட்டும் உருபு போடுவோம், அவர்கள் அடைமொழிக்கும் சேர்த்துப் போடுவார்கள். ‘போ³ன மத்தேனொ’ என்றால் வணக்கம் காணாமல் போய், வெறுமனே ஒரு நல்ல காலை என்று மட்டும் நிற்கும். இதைப் புரிந்துகொண்டவுடன் அவள் சீட்டில் உள்ள எல்லா ‘ன்’களையும் பென்சிலால் வட்டமிட்டு வைத்துக்கொண்டாள்.

இனி அச்சு வேலை. சீட்டின் முன்பக்கம் மேலே ரோமன் எழுத்தில் மூல வரி, அதன் கீழே தமிழ் எழுத்தில். ரோமன் வரி இல்லாமல் தமிழை மட்டும் அச்சடிக்கலாம் என்று சொன்னவர்கள் உண்டு. வேண்டாம் என்றுதான் சொல்வேன். தமிழ் வரி கைத்தாங்கல், நாளைக்கு மூல எழுத்தில்தான் படிக்க வேண்டும். எஸ்பெராண்டோவின் 28 எழுத்துகளில் ஆறுக்குத் தலையில் குறி உண்டு: சி, ஜி, எச், ஜே, எஸ் ஐந்துக்கும் கூரை போன்ற ஒன்று, யு-வுக்குப் பிறைபோல் ஒன்று. பழைய விசைப்பலகை முறைத் தமிழ் எழுத்துருக்களில் ரோமன் எழுத்துகளின் இடத்திலேயே தமிழ் எழுத்து உட்கார்ந்திருக்கும், எனவே அவை இந்த வேலைக்கே ஆகாது. யூனிகோடு எழுத்துருக்களிலும் எல்லாவற்றிலும் இந்த ஆறும் இருப்பதில்லை. இல்லாவிட்டால் கணினி வேறு எழுத்துருவிலிருந்து கடன் வாங்கி ஒட்டும். ஒரு சொல்லுக்குள் ஓர் எழுத்து மட்டும் மெலிந்தோ தடித்தோ தெரியும். சோதிக்க எஸ்பெராண்டோக்காரர்களிடம் ஒரு வேடிக்கைத் தொடர் இருக்கிறது. ‘வியாழன்தோறும் எதிரொலி மாற்றம்’ என்று பொருள்படும். ஆறு எழுத்துகளும் அதில் வந்துவிடும். எழுத்துருவை மாற்றி மாற்றி இந்த ஒரு வரியைப் பார்த்தால் போதும். கடைசியில் தமிழுக்கு நோட்டோ செரிஃப் தமிழ், ரோமனுக்கு நோட்டோ செரிஃப். இரண்டும் ஒரு குடும்பம், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் உறுத்தாது.

சாமென்ஹாஃபுக்கே அச்சகங்களின் கஷ்டம் தெரிந்திருந்தது. 1905-இல் வெளியான அடிப்படை நூலிலேயே, இந்த எழுத்துகள் இல்லாத அச்சகங்கள் பக்கத்தில் ஒரு எச் சேர்த்து அடித்துக்கொள்ளலாம், யு-வைக் குறியில்லாமல் போடலாம் என்று அனுமதி கொடுத்திருக்கிறார். கணினிக் காலத்தில் எச்-சுக்குப் பதில் எக்ஸ் போடும் வழக்கம் பரவியது, அந்த எழுத்து எஸ்பெராண்டோவில் இல்லாததால் குழப்பம் வராது. நானும் மூலக் கோப்பை எக்ஸ் போட்டே அடித்தேன், பிறகு மொத்தமாக மாற்றினேன். மொழியை உருவாக்கியவர் அச்சுக்கோப்பவனை நினைத்துப் பார்த்திருக்கிறார் என்பது எனக்கு அவர் மேல் தனி மரியாதையை உண்டாக்கியது.

ஏ4 தாளில் 105 × 74 மில்லிமீட்டர் அளவில் எட்டுச் சீட்டுகள் கச்சிதமாக அடங்கும், ஒரு துண்டு வீணாகாது. தாள் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் கார்டு. இருபக்கமும் அச்சடிப்பதால் பின்பக்க அட்டவணையில் இடது வலது கட்டங்களை மாற்றிப் போட வேண்டும், தாளை நீளவாட்டில் திருப்பும்படி அச்சுப்பொறியில் சொல்ல வேண்டும். சாதாரணத் தாளில் ஒன்று அடித்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் அட்டைக்குப் போக வேண்டும். ஒரு மூலையில் துளை, சாவி வளையம். லேமினேஷன் செய்ய வேண்டாம். பென்சிலால் எழுத முடியாமல் போய்விடும், வட்டமிடும் பிள்ளைகளுக்கு அது பெரிய நஷ்டம்.

அதே வரிகளை, சீட்டுகளைத் திரையில் காட்டி மனப்பாடம் செய்ய உதவும் ‘அங்கி’ (Anki) என்ற செயலியிலும் ஏற்றினேன். விரிதாளிலிருந்து சேமிக்கும்போது யுடிஎஃப்-8 என்ற தேர்வைப் பார்த்துச் சொடுக்க வேண்டும், இல்லையேல் தமிழும் கூரை எழுத்துகளும் கேள்விக்குறி வரிசையாக மாறிவிடும். குரலுக்குப் பிரேசிலில் இருக்கும் எஸ்பெராண்டோ நண்பர் ஒருவர் கைகொடுத்தார். ஒவ்வொரு வரியையும் மெதுவாக ஒருமுறை, இயல்பான வேகத்தில் ஒருமுறை சொல்லி அனுப்பினார். கேட்ட பிறகுதான் சீட்டைப் பார்க்க வேண்டும், சீட்டை மட்டும் பார்த்துவிட்டுக் கேட்காமல் இருக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு விதி வைத்தோம்.

அந்த நண்பருடன் காணொளி அழைப்பில் பிள்ளைகள் பேசியபோது சோதனை முடிவு தெரிந்தது. ஸலூத்தொன், நொமீஜஸ் எல்லாம் முதல் தடவையே போய்ச் சேர்ந்தன. இரட்டித்த ககரத்தை அவர் கவனித்ததாகவே தெரியவில்லை. தா³ன்-க்கொன் சொன்ன ஒவ்வொரு பிள்ளைக்கும் அவர் நெ த³ன்-க்கீந்தெ என்று பதில் சொன்னார். ஒரு சிறுவன் ‘மி ஏஸ்தஸ் வீஅ கா³ஸ்தொ’ என்று மூன்றாம் எண்ணைக் கண்ணுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு சொன்னான். விருந்தினர் விருந்தினராகவே போய்ச் சேர்ந்தார். இடறியது உகரம்தான். ‘பர்தோனு’வின் வால் யாருக்கும் சரியாக நிற்கவில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க, சோன்ஜா லாங் 2001-இல் வெளியிட்ட தோக்கி போனா என்ற இன்னொரு செயற்கை மொழியின் வணக்கங்களையும் ஒரு தாளில் அடித்துப் பார்த்தேன். அதற்கு 14 எழுத்துகள்தான், அழுத்தம் எப்போதும் முதல் அசையில், வல்லொலி மெல்லொலி வேறுபாடே கிடையாது. எப்படிக் குழைத்தாலும் பொருள் மாறாது. தமிழ் எழுத்துக்கென்றே செய்ததுபோல எண்ணும் சிறுகோடும் இல்லாமல் உட்கார்ந்துவிட்டது. வணக்கத்துக்கு ‘தோக்கி’, கிளம்புபவர் ‘மி தாவ’, இருப்பவர் ‘தாவ போன’. வேலை அரை மணியில் முடிந்தது. அதனாலேயே எனக்கு அதில் சுவாரசியம் குறைவு.

அடுத்த கட்டு குளோபாசா. 2019-இல் வெளியான மொழி, ஐரோப்பாவுக்கு வெளியே இருந்தும் சொற்களை எடுத்துக்கொண்டது. கூரை எழுத்துகள் இல்லை, எழுத்துருத் தேடல் மிச்சம். அங்கே மெய்யில் முடியும் சொல்லுக்கு அழுத்தம் கடைசி அசையில் விழும், உயிரில் முடிந்தால் அதற்கு முந்தைய அசையில். நெடில் உத்தி அப்படியே பொருந்துகிறது: வணக்கம் ‘ஸலோம்’, நன்றி ‘ஷூக்ர’. ஆனால் பகரம், தகரம், ககரம் மூன்றுக்கும் இரட்டை ஒலி அங்கேயும் உண்டு. எனவே மூன்றாம் எண்ணுக்கு ஓய்வில்லை. மெய்ப்பு பார்க்கும் பெரியவரிடம் இந்த முறை முதல் சீட்டை முன்கூட்டியே கொடுத்துவிட்டேன்.